மாடு தொடாத இலை

மொபெட்டை நிறுத்தியதும் முதலில் கண்ணில் பட்டது மாடுதான். தொழுவத்துக்கு வெளியே கட்டியிருந்த செவலை மாடு, முன்னால் கொட்டிக் கிடந்த பச்சைத் தழையை ஒருமுறை முகர்ந்தது. மூக்கைச் சுருக்கிப் பெரிதாக ஒரு தும்மல் போட்டது. கழுத்தைத் திருப்பி, காலடியில் கிடந்த காய்ந்த கேழ்வரகுத் தட்டையை இழுத்துத் தின்ன ஆரம்பித்துவிட்டது. பின்சீட்டில் மடித்துக் கட்டியிருந்த அட்டைப்பெட்டிகளின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே நான் அதைப் பார்த்தேன். சாணி அள்ளிக்கொண்டிருந்த வெங்கடம்மாளும் பார்த்தார். நிலத்துக்காரர் நாராயணப்பனின் மனைவி அவர். மனசில் பட்டதை வாயில் வைத்து அடைகாக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

"ஏம்மா ஜோதி, மாடே தொடாத தழைய லண்டன்காரங்க காசு குடுத்து வாங்கித் தின்பாங்களா?"

சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் குனிந்து ஒரு இலையை எடுத்துப் பார்த்தேன்.

"இந்தத் தழை இங்க எப்படிம்மா வந்துச்சு?"

"ரூபாதான் கூடையில கொணாந்து கொட்டிட்டுப் போச்சு. கழிவாம். இன்னும் ஏழு கூடை இருக்குதாம். மாடு தின்னா அதையும் போடறன்னுது."

பெட்டிகளை அப்படியே தரையில் போட்டுவிட்டு ஷெட்டுக்கு ஓடினேன்.

உள்ளே ஆறு பேரும் நீள மேசைக்கு இரண்டு பக்கமும் நின்றிருந்தார்கள். கை வேகமாகப் போய்க்கொண்டிருந்தது, வாய் அதைவிட வேகமாக. மேசையின் மறுகோடியில் கட்டுகள் வரிசை வரிசையாக நின்றன. இருபது தண்டுக்கு ஒரு கட்டு. அடியை ஒரே மட்டமாக வெட்டி, ரப்பர் பேண்டு போட்டு, வரிவரியான அட்டை சுற்றி, ஒன்றுக்கொன்று ஒரு விரல் ஏற்றத்தாழ்வு இல்லாமல் நின்றன. உச்சியில் கோழிக்கொண்டை மாதிரி நாலைந்து இலை. அதற்குக் கீழே ஒரு முழத்துக்கு மொட்டைத் தண்டு. ரோஜாவாக இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஹாலந்துக்கு ஏற்றியிருக்கலாம். மேசைக்கு அடியில் ஏழு கூடை. ஏழிலும் இலை.

"யாருடி இலைய உருவச் சொன்னது?"

எல்லார் கையும் ஒரே நேரத்தில் நின்றது. பார்வதிதான் பேசினாள். பழைய ரோஜாக் கம்பெனி பேக்கிங் ஹாலில் எனக்கு எதிர் மேசையில் ஒன்பது வருஷம் நின்றவள்.

"நீதானேக்கா. ‘ரோஸ் கட்டுற மாதிரியே கட்டுங்க, நான் பெட்டி வாங்கிட்டு வந்துர்றேன்’னுட்டுப் போன."

"இலையத்தான்டி அவங்க திங்கிறாங்க! தண்டைத் திங்க அவங்க என்ன ஆடா?"

"ஆடுகூட இலையத்தான்க்கா தின்னும்" என்றாள் ரூபா. யாரோ சிரிப்பை விழுங்கும் சத்தம் கேட்டது.

இன்னும் நன்றாகத் திட்டுவதற்காக வாயைத் திறந்தவள், என் கையைப் பார்த்தேன். பேச்சுவாக்கில் மேசையிலிருந்து ஒரு தண்டை எடுத்திருக்கிறேன். இடது கை நுனியைப் பிடித்திருக்கிறது. வலது கை மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் இறங்கி முடித்துவிட்டது. இலை எல்லாம் என் காலடியில். எப்போது செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

பதினொரு வருஷம் அந்த ஹாலில் நின்ற கை அது. ரோஜாத் தண்டில் கீழ் இலை இருந்தால் பக்கெட்டில் தண்ணீர் அழுகும், தண்ணீர் அழுகினால் பூ தலையைத் தொங்கப் போடும். அதனால் தண்டு கைக்கு வந்ததும் முதல் வேலை இலையை உருவுவது. அப்புறம் நீளம் பார்த்துப் பிரிப்பது, கட்டுவது, அட்டை சுற்றுவது. பிப்ரவரி பதினாலுக்கு முந்தின வாரமெல்லாம் ஒரு ஷிப்டுக்கு ஒரு ஆள் நாலாயிரம் தண்டு உருவியிருக்கிறோம். எங்களுக்கு இலை என்றால் குப்பை. காலில் மிதித்துக்கொண்டு நிற்கிற பொருள். அந்தக் கைகளிடம்தான் நான் போய் ரோஸ் மாதிரியே கட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

அந்த ரோஜாக் கம்பெனி போன தை மாதத்தோடு மூடிவிட்டது. நிலத்தை யாருக்கோ விற்றார்கள், பாலிஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் கூடாரங்களின் இரும்புக் குழாய்களை லாரி வைத்து அள்ளிக்கொண்டு போனார்கள். ஓசூரில் கம்பெனிக்கா பஞ்சம் என்று ஊரில் கேட்பார்கள். போன் கம்பெனிக்கு இருபத்தைந்து வயசுக்குள் இருக்கிற பெண்கள் வேண்டும், அதுவும் ஹாஸ்டலில் தங்குகிற பெண்கள். எனக்கு நாற்பத்திரண்டு. பார்வதிக்கு நாற்பது. எங்களுக்குக் கக்கூஸ் கழுவுகிற கான்ட்ராக்ட் இருந்தது, அதற்கும் வரிசை நின்றது. அருப்புக்கோட்டையிலிருந்து இருபது வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் பெரியதம்பியோடு பஸ் ஏறி வந்தவள் நான். அவருக்கு பிரேக் பார்ட்ஸ் கம்பெனியில் இன்னமும் ஷிப்டு வேலைதான். திரும்பிப் போய் அங்கே பண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. அதனால் உத்தனப்பள்ளிப் பக்கம் நாராயணப்பன் தோட்டத்தில் தக்காளிக்குக் களை எடுக்க வந்தேன்.

அவர் வேலி ஓரம் முழுக்க ஒரு செடி. கேரளாக்காரர் யாரோ கொடுத்த குச்சியை நட்டு, அது தலைக்கு மேல் வளர்ந்து நின்றது. சுகர் செடி என்பார் நாராயணப்பன். காலையில் இரண்டு இலையைக் கடித்து, முகத்தை வெற்றிலை மாதிரிச் சுருட்டிக்கொண்டு விழுங்குவார். சுகர் குறைந்ததா என்றால், அதற்கு மாத்திரையும் போடுகிறேனே என்பார். பங்குனியில் ஒருநாள் நடுப்பகலில் ரோட்டில் ஒரு வாடகை கார் போட்ட பிரேக்கில் களை எடுத்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தோம். கார் முழுசாக நிற்பதற்குள் கதவைத் திறந்து, நல்ல உயரமும் பருமனுமாக ஒரு ஆப்பிரிக்க அம்மா இறங்கி ஓடி வந்தார். நேராக வேலிக்குப் போய் ஒரு இலையைப் பறித்து வாயில் போட்டு, மென்றுகொண்டே கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. டிரைவர் சிவராஜ் எங்கள் பக்கத்துப் பையன்தான். "கிருஷ்ணகிரி மாங்கூழ் பேக்டரிக்குப் போகணும்னாங்க. ஹைவேல லாரி கவுந்து டிராபிக்குன்னு இப்படித் திருப்புனன். மேடம் இங்க வந்து அழுவறாங்க" என்று பயந்துபோய் நின்றான்.

அவர் பெயர் ஙோசி. நைஜீரியாக்காரர். நோட்டில் எழுதிப் பார்த்தபோதுதான் அந்த எழுத்துக்கு ஒரு வேலை வந்தது. ஒன்றாம் வகுப்பை விட்டதிலிருந்து ங-வை முதலில் போட்டு நான் எதையும் எழுதியதில்லை. பெங்களூரில் இருந்துகொண்டு இங்கிருந்து மாங்கூழ் வாங்கி அனுப்புகிறார். லண்டனில் அவர் அக்காவுக்குக் கடை. இந்த இலை அவர்கள் ஊர்க் கீரையாம். பிட்டர் லீஃப் என்றார். உப்புப் போட்டுப் பிசைந்து, பச்சை நுரை போகிறவரைக்கும் அலசி அலசிக் கறிக்குழம்பில் போடுவார்களாம். அலசிய தண்ணீரைக் கொட்டமாட்டார்கள், காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் குடிப்பார்களாம். லண்டனில் இந்த இலைக்கு அவர்கள் ஊர்ச் சனம் தவம் கிடக்கிறதாம். அன்றைக்கு ராத்திரி ஒரு கைப்பிடி கொண்டுபோய், அலசுகிற விஷயத்தை மறந்து, முருங்கைக்கீரை மாதிரிப் பொரித்து வைத்தேன். பெரியதம்பி ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏன்டி, எம்மேல கோவம் இருந்தா வாயால சொல்லு" என்று எழுந்து போய்விட்டார்.

நாராயணப்பனிடம் கிழிந்துபோன அரை ஏக்கர் பாலிஹவுஸ் ஒன்று சும்மா கிடந்தது. முன்பு எங்கள் கம்பெனிக்கு ரோஜா போட்டது. அதைக் கேட்டேன். வேலியிலிருந்து குச்சி வெட்டி நாங்கள் ஏழு பேரும் நட்டோம். இலை விற்று வந்தால் அவருக்குப் பாதி, எங்களுக்குப் பாதி என்று பேச்சு. ஐந்து மாதம் தண்ணீர் விட்டோம், கிழிந்த இடத்தைத் தைத்தோம். இதற்கு நடுவில் ஒரு டெலிவரி கம்பெனிக்காரன் வந்து, லாரி நிறுத்த இடம் வேண்டும் என்றான். பாலிஹவுஸும் அதை ஒட்டிய காலி நிலமும் சேர்த்துக் கேட்டான். முந்தாநாள் வியாழக்கிழமை ஆள் வைத்து அளந்து, காலி நிலத்துக்குக் குறுக்கே சுண்ணாம்பில் வெள்ளைக்கோடு போட்டுவிட்டும் போய்விட்டான். நான் நாராயணப்பன் முன்னால் போய் நின்றேன். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் நல்ல மனிதருக்கும் மாசாமாசம் வருகிற வாடகை இனிக்கும்.

"சனிக்கெழம ஒன் பொட்டி ஏர்போர்ட்டுக்குக் கெளம்பிச்சுன்னா மூணு வருசத்துக்கு நெலம் ஒன்னுது. நான் வாய் பேசமாட்டன். கெளம்பலையா, திங்கக்கெழம ஜேசிபி வரும். அப்பறம் எங்கிட்ட வந்து அழுவக்கூடாது" என்றார்.

இன்றைக்குத்தான் சனிக்கிழமை. லண்டன் அக்கா கடைக்குக் கேட்டது தண்டோடு கட்டிய இலை, பத்துப் பெட்டி. பதினோரு மணிக்கு ஙோசி வந்து பார்ப்பதாகப் பேச்சு. ஒன்றரைக்கு வேன் கிளம்பினால்தான் அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி நேரத்துக்கு பெங்களூர் ஏர்போர்ட் போக முடியும். நான் மொட்டைத் தண்டுகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது மணி பத்தே கால். வயலில் வெட்டாமல் பாக்கி இருந்தது நாலு வரிசை. ஒரு பெட்டிக்குத்தான் தேறும்.

ரூபா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, அட்டைய இன்னும் நாலு விரல் மேல ஏத்திச் சுத்திருவோம். உச்சித்தழை மட்டும் தெரியும். உள்ள மொட்டைன்னு யாரு பிரிச்சுப் பாக்கப் போறா?"

எனக்கும் அது தோன்றாமல் இல்லை. அட்டை எதை மறைக்கும் என்று எங்களுக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்? ஹாலில் சூப்பர்வைசர் சொல்லி வளைந்த தண்டைக் கட்டுக்கு நடுவில் செருகியிருக்கிறோம். ஒவ்வொரு கட்டிலும் கட்டினவள் நம்பர் ஒட்டவேண்டும். என் நம்பர் பதினேழு. ஒருதரம் ஹாலந்திலிருந்து போட்டோ வந்தது. பிரித்த கட்டு, நடுவில் என் வளைந்த தண்டு, பக்கத்திலேயே பெரிதாகப் பதினேழு. அதை அச்சடித்து மூன்று மாதம் நோட்டீஸ் போர்டில் ஒட்டி வைத்தார்கள். செருகச் சொன்ன சூப்பர்வைசர்தான் ஒட்டினான். தினமும் அதைத் தாண்டித்தான் நான் கைகழுவப் போகவேண்டும்.

"வேணாம்டி. நம்மதுன்னு மொதமொதல்ல ஒரு பெட்டி போகுது. அதுல வேணாம்."

"அப்ப என்னக்கா பண்றது?"

தெரியவில்லை. ஒரு கட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். பம்புசெட் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நாராயணப்பன் சத்தம் நின்றுபோனதைக் கவனித்து எழுந்து வந்தார். மேசையில் இருந்த ஒரு கட்டைத் தூக்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"கட்டெல்லாம் ஜோரா இருக்குதும்மா. பூ எங்க?"

சொல்லிவிட்டு நாற்காலிக்கே திரும்பிப் போனார். அவர் சட்டைப் பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே சிவராஜின் கார் வந்து நின்றது. ஙோசி மஞ்சள் துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு, கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்தார். ஷெட்டுக்குள் நுழைந்ததும் கட்டுகளைப் பார்த்தார். ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஏதோ ராகம் போட்டபடி நாலு எட்டு மெதுவாக நடந்தார்.

"பொண்ணு யாரு, கல்யாணம் எப்பன்னு கேக்கறாங்க" என்றான் சிவராஜ்.

யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். கட்டைக் கீழே வைத்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் பேக்கிங் ஹால் இங்கிலீஷ். அதை வைத்துக்கொண்டுதான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"மேடம், மை மிஸ்டேக். ஐ டோல்டு, ரோஸ் சேம். தே டூ ரோஸ் சேம். லீஃப் ஆல் ரிமூவ்." கூடைகளை மேசைக்கு அடியிலிருந்து இழுத்துக் காட்டினேன். "லீஃப் ஹியர்."

ஙோசி குனிந்து ஒரு கூடைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டார். அள்ளி எடுத்து, இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். முகர்ந்தார். கிழியாமல், கசங்காமல், காம்போடு முழுசாக வந்திருந்தது. ரோஜாவில் முள் இருக்கும், அதனால் அழுத்தாமல் உருவுகிற கை எங்களுடையது. அவர் சிவராஜிடம் ஏதோ கேட்டார். நீளமாகக் கேட்டார்.

"எவ்ளோ நேரமாச்சுன்றாங்க" என்றான்.

"அவ்வளவு பேசினாங்க, அதுக்கு இவ்வளவுதானா?"

"மீதியெல்லாம் அய்யோ அய்யோதான்க்கா."

"ஒன்றரை மணி நேரம்னு சொல்லு. ஆறு பேரு."

அவர் நம்பவில்லை. பார்வதி ஒரு கட்டைப் பிரித்து, மிச்சமிருந்த உச்சி இலையையும் இருபது தண்டிலிருந்து உருவிக் காட்டினாள். நான் பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. ஙோசி பார்வதியின் வலது கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தார். அங்கே பழைய முள் கீறல்கள் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்து, ஒலியைப் பெரிதாக வைத்து, மேசை மேல் சாய்த்து வைத்தார்.

லண்டனில் அப்போதுதான் விடிந்திருந்ததாம். எடுத்த எடுப்பிலேயே அந்தப் பக்கம் ஒரு குரல் கத்தியது. இந்தப் பக்கம் இவர் கத்தினார். பாதி இங்கிலீஷ், பாதி அவர்கள் பாஷை. சிவராஜ் கையை விரித்துவிட்டான். "எனக்கே பிடிபடலக்கா."

"எனக்குப் பிடிபடுது" என்றாள் பார்வதி. அவளுக்கு மூன்று அக்கா. "அக்காக்காரி சொல்றா, நான் தண்டோடதானே கேட்டன், வேலியோரம் அழுதுட்டு வந்தவ பேச்சக் கேட்டதுக்கு எனக்கு இதுவும் வேணும்னு."

ஙோசி ஒரு கையால் மேசையைத் தட்டிக்கொண்டு நிறுத்தாமல் பேசினார்.

"இப்ப இவ சொல்றா, நீ கடைசியா என்னிக்கிடி ஒரு கட்டு கீரைய ஆஞ்ச? வேலைக்குப் போயிட்டு வர்ற பொம்பளைங்களுக்கு அங்க ஆய நேரமிருக்குதா? ஆஞ்சு குடுத்தா கைய நீட்டி வாங்க மாட்டாங்களான்னு."

ஏழு பேரும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நாராயணப்பனும் நாற்காலியோடு வந்துவிட்டார், வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டார். அப்புறம் அக்காவின் குரல் தணிந்து, சலித்துக்கொண்டு, நாலு வார்த்தை சொன்னது. ஙோசி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் போட்ட கூச்சலில் தொழுவத்துக்கு வெளியே படுத்திருந்த மாடு எழுந்து நின்றுவிட்டது.

இந்தத் தடவை சிவராஜுக்கே புரிந்தது. "அனுப்பச் சொல்லிட்டாங்க! தண்டு ஒண்ணுகூட வரக்கூடாதாம், வெறும் இலை மட்டும். விக்கலன்னா மொத்தத்தையும் மேடமே வந்து தின்னணுமாம்."

அதுக்கப்புறம் அந்த ஷெட்டில் நடந்ததை வேலை என்று சொல்லக்கூடாது. கட்டி வைத்த அத்தனை கட்டையும் பிரித்தோம். கட்டும்போது ஆன நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. இரண்டு பேர் ஓடிப்போய் பாக்கி நாலு வரிசையையும் வெட்டி வந்து போட்டார்கள். இடது கை நுனி, வலது கை இழுப்பு, தண்டு பின்னால், இலை முன்னால். எட்டு மாதமாக வேறு எதற்கும் பயன்படாமல் கிடந்த வேகம் அது. களை எடுக்கிற இடத்தில் அந்த வேகம் யாருக்கும் தேவைப்படவில்லை. பெரிய ஆர்டர் நாட்களில் ஹாலில் நாங்கள் மேசைக்கு மேசை போட்டி வைப்போம். ரூபா அதே மாதிரி, "ஒண்ணாம் மேசை தூங்குது, ரெண்டாம் மேசை பறக்குது" என்று கத்த ஆரம்பித்தாள். இருந்தது ஒரே ஒரு மேசைதான்.

ஙோசியும் ஒரு கவிழ்த்த பிளாஸ்டிக் கிரேட் மேல் உட்கார்ந்து, தண்டை மடியில் வைத்து, ஒவ்வொரு இலையாகக் கிள்ளினார். பார்வதி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "மேடம், இப்படிக் கிள்ளுனா அடுத்த வருசப் பிளேனுக்குத்தான் ஆவும்" என்று தன் ரப்பர் கையுறையை அவருக்கு மாட்டிவிட்டாள். பின்னால் நின்று, அவர் இரண்டு கையையும் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். மொத்த இலையும் சரசரவென்று கழன்று மடியில் விழுந்தது. ஙோசி வீறிட்டார். இன்னொரு தண்டு கேட்டார். இன்னொன்று.

சிவராஜ் வெளியே நின்று ஏர்போர்ட் ஏஜென்ட்டோடு போனில் மல்லுக்கட்டினான். தண்டு இல்லாததால் பத்துப் பெட்டி என்று எழுதியிருந்த பேப்பரை ஆறு என்று மாற்றவேண்டும், பன்னிரண்டு மணிக்குள் சொன்னால்தான் முடியுமாம். ஐந்து நிமிஷம் இருக்கும்போது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

கடைசிக் கூடைக்கு முந்தின கூடையில் ரூபா கை நின்றது. "அக்கா."

இலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. தொட்டதும் இரண்டு பறந்தது. வெள்ளை ஈ. ஏர்போர்ட்டில் செடிக்கு நோய் பார்க்கிற ஆபீசர் பெட்டியைத் திறப்பார், ஒரு ஈ கண்ணில் பட்டாலும் ஆறு பெட்டியும் வீட்டுக்கு வந்துவிடும். அந்தத் தண்டுகள் பிளாஸ்டிக் கிழிந்திருந்த மேற்கு மூலை வரிசையிலிருந்து வந்தவை. கட்டாகக் கட்டி அட்டை சுற்றியிருந்தால் எங்கள் கண்ணிலும் பட்டிருக்காது. கூடையைத் தூக்கிக்கொண்டு நானே வெளியே போய்க் குப்பைக் குழியில் கவிழ்த்தேன். வாசலில் நாராயணப்பன் கேட்டார், "அவ்ளோத்தையும் கொட்டறியே, பொட்டி பத்துமா?"

"பத்தும்யா."

பத்துமா என்று எனக்குத் தெரியாது. மீதிக் கூடைகளை வெளிச்சத்துக்கு இழுத்து, கைப்பிடி கைப்பிடியாகத் திருப்பிப் பார்த்தோம். சுத்தமாக இருந்தது. ஈரம் துடைத்து, ஓட்டை போட்ட பாலிதீன் பைகளில் போட்டுப் பெட்டியில் அடுக்கினோம். ஐந்து பெட்டி நிறைந்தது. ஆறாவது பெட்டி கழுத்து வரைக்கும் வந்து நின்றுவிட்டது. ஏழு பேரும் தரையைப் பார்த்தோம், மேசையைப் பார்த்தோம். இலை இல்லை. ஙோசி எழுந்து நின்று தன் மடியை உதறினார். அவர் உருவியதெல்லாம் அங்கேயே குவிந்திருந்தது, அவருக்கே தெரியவில்லை. அள்ளிப் போட்டதும் பெட்டி நிறைந்தது.

டேப் ஒட்டி முடித்ததும் கருப்பு மார்க்கரை எடுத்து ஒவ்வொரு பெட்டி ஓரத்திலும் பதினேழு என்று எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. அதென்ன என்று ஙோசி விரலை வைத்துக் கேட்டார்.

"மீ" என்றேன்.

அவர் மார்க்கரை வாங்கி, என் பதினேழுக்குப் பக்கத்தில் மேசையைச் சுற்றி நின்றவர்களை ஒவ்வொருத்தராகக் காட்டிக் காட்டி நம்பர் கேட்டார். பார்வதி முப்பத்தி நாலு என்றாள். ரூபா எட்டு. ஒவ்வொன்றாக எழுதினார். வேன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

ஒன்று நாற்பதுக்கு வேன் கிளம்பியது. பத்து நிமிஷம் தாமதம். பின்னாலேயே சிவராஜின் காரில் ஙோசி. ஏர்போர்ட் வரைக்கும் கூடவே போய் ஆபீசர் பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் நிற்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் துணி ராயக்கோட்டை ரோட்டுத் திருப்பம் வரைக்கும் தெரிந்தது. சத்தம் அடங்கிய பிறகு கால் வலிப்பது தெரிந்தது.

வெங்கடம்மாள் களி கிண்டிக் கொண்டுவந்து வைத்தார். உருட்டி வாயில் போட்டதும் ஏழு பேரும் ஒரே நேரத்தில் முகத்தைச் சுளித்தோம். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் கை கசந்தது. களி கசந்தது, குழம்பு கசந்தது, உதட்டை நக்கினால் அதுவும் கசந்தது. "இன்னிக்கி எம்புருசனுக்கு ஊட்டிவுடப் போறன்" என்றாள் பார்வதி. ரூபாவுக்குப் புரை ஏறிவிட்டது. வெங்கடம்மாள் மாட்டுக்கு முன்னால் கிடந்த தழையில் நல்லதாக ஒரு மடி பொறுக்கி வைத்திருந்தார். "அந்தம்மா சொன்னமாரி உப்புப் போட்டு அலசி ஆக்கிப் பாக்கறன். மாட்டுக்கு என்னா ருசி தெரியும்?" என்று உள்ளே போனார்.

வண்டி போய்விட்டது. நான் களிவட்டிலுக்கு மேலாக நாராயணப்பனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பிச்சுன்னா நிலம் உன்னுது என்ற வாயை அவர் திறக்கவே இல்லை. அத்திப்பள்ளியில் வேன் மாட்டிக்கொள்ளலாம். ஆபீசர் எதையாவது கண்டுபிடிக்கலாம். லண்டனில் அந்த அக்கா பெட்டியைப் பிரித்துப் பார்த்து, போனில் இன்னொரு சண்டை போடலாம். அதையெல்லாம் அவரும்தான் நினைத்துக்கொண்டிருந்திருப்பார்.

ஷெட்டுக்குள் மொட்டைத் தண்டுகள் இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. ரூபா விளக்குமாற்றை எடுத்தாள். பழக்கதோஷத்தில் நானும் ஒரு தண்டை எடுத்து நீளம் பார்த்தேன். நல்ல தண்டு. அடி ஒரே மட்டம், கணுவுக்குக் கணு முளைக்கண் முழித்து இருந்தது, இலை ஒன்றுகூட இல்லை. பங்குனியில் வேலியிலிருந்து குச்சி வெட்டி, இலையை உருவி, நட்டது ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஒரு நாள் முழுக்க ஆன வேலை இன்றைக்குத் தப்பாகச் செய்ததிலேயே முடிந்து கிடக்கிறது.

"கூட்டாதடி" என்றேன்.

ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு பாலிஹவுஸுக்குப் பக்கத்துக் காலி நிலத்துக்கு நடந்தேன். வெள்ளைக்கோடு வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. அதை மிதிக்காமல் தாண்டிப் போய், குனிந்து, ஒரு தண்டைத் தரையில் குத்தினேன். புதன்கிழமை பெய்த மழையில் மண் இளகிக் கொடுத்தது. ஒரு சாண் தள்ளி இன்னொன்று. நாராயணப்பன் கூப்பிட்டு நிறுத்துவார் என்று முதுகு முழுக்கக் காத்துக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது தண்டைக் குத்தும்போது பக்கத்தில் பார்வதி உட்காரும் வளையல் சத்தம் கேட்டது. அதற்குப் பக்கத்தில் ரூபா. கொஞ்ச நேரத்தில் ஏழு பேரும் ஒரே வரிசையில், கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகக் குத்திக்கொண்டே பின்னால் நகர்ந்தோம்.

பம்புசெட் மோட்டார் போடும் சத்தம் கேட்டது.

நிமிர்ந்தேன். நாராயணப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாட்டுத் தொட்டியில் கிடந்த பச்சை டியூபை இழுத்துக்கொண்டு வந்தார். வரிசையின் தலைமாட்டில் வந்து நின்று, டியூப் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். தண்ணீர் விசிறிக்கொண்டு வந்து மொட்டைக் குச்சிகள் மேல் விழுந்தது, எங்கள் காலில் விழுந்தது, வெள்ளைக்கோட்டில் விழுந்தது. சுண்ணாம்பு கரைந்து பால் மாதிரி மண்ணில் ஓடியது.

அவர் சட்டைப் பையில் போன் அடிக்க ஆரம்பித்தது. குனிந்து பைக்குள் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்தார். டெலிவரி கம்பெனிக்காரன்தான் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. இரண்டு கையும் ஈரம். நின்றுபோய் மறுபடியும் அடித்தது. அவர் டியூபைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார், தண்ணீர் கடைசிக் குச்சி வரைக்கும் எட்டட்டும் என்று.